‘வேண்டாம்’ என்று சொல்லப் பழகுவோம்

(கள்ளக்குறிச்சியில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் பயிற்றுநர் குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



கல்வராயன் மலையிலிருந்து, வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து விடியற்காலையிலேயே பஸ் பிடித்து இறங்கி வந்திருக்கும் அக்கா தங்கச்சிகளுக்கும், கச்சிராயபாளையம், சங்கராபுரம், சின்னசேலம், தியாகதுருகம் பக்கத்திலிருந்து வந்திருப்பவர்களுக்கும் தனியாக ஒரு வணக்கம்.

இதுவரை நம் கூட்டங்களில் சேமிப்பு, உள்கடன், வங்கிக்கடன், கறவை மாடு என்று பேசியிருக்கிறோம். இன்றைக்குப் பேசப் போவது பியூட்டி பார்லரையும் மசாஜ் நிலையத்தையும் பற்றி. சில பேர் சிரிக்கிறீர்கள். “இதெல்லாம் சங்கக் கூட்டத்துல பேசற விஷயமா?” என்று கேட்கிறீர்கள். பேச வேண்டிய விஷயம்தான். நம் பணம் எந்த வாசல் வழியாக வெளியே போனாலும் அது சங்கத்துக் கணக்கையும் தொடும்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். பார்லருக்குப் போவது தப்பு என்று நாங்கள் சொல்ல வரவில்லை. வெயிலில் கரும்பு வெட்டுகிறோம், மரவள்ளி பிடுங்குகிறோம், சாமை அறுக்கிறோம். மகள் கல்யாணத்துக்கோ தங்கை வளைகாப்புக்கோ ஒரு நாள் முகத்தைக் கழுவிப் பூசி அழகாக நிற்க ஆசைப்படுவதில் என்ன குற்றம்? நம் பணம், நம் முகம். போகலாம், செய்துகொள்ளலாம். ஆனால் 50 ரூபாய்க்குப் புருவம் திருத்தப் போனவள் 5,000 ரூபாய் பேக்கேஜுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தால், அது அவள் ஆசைப்பட்டுச் செய்த செலவு இல்லை. அடுத்தவர் அவள் தலையில் கட்டிய செலவு.

எப்படிக் கட்டுகிறார்கள்?

இதில் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. பெருநகரத்துப் பெரிய நிலையமோ நம் பக்கத்துச் சின்னக் கடையோ, வற்புறுத்தி விற்கிற இடத்தில் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே வழிதான். வரிசையாகச் சொல்கிறோம். கேட்டுக்கொண்டே வாருங்கள். “எனக்கும் இப்படித்தான் நடந்தது” என்று தோன்றினால் மனசுக்குள் ஒரு புள்ளி வையுங்கள்.

முதலாவது, இலவசம். “சும்மா பார்த்துட்டுப் போங்கக்கா, தோல் டெஸ்ட் ஃப்ரீ” என்பார்கள். ஒரு டீ வரும். ஃபேன் போடுவார்கள். நம் வளர்ப்பு அப்படி. ஒருவர் வீட்டில் தண்ணீர் குடித்தாலே நன்றி மறக்கக்கூடாது என்று சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அதனால் டீ குடித்த பிறகு வெறுங்கையாக எழுந்து வர நமக்குக் கூச்சமாக இருக்கும். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டியதுதான். ஆனால் கடையில் கொடுக்கிற டீ உப்பிட்ட கணக்கில் சேராது. அது வியாபாரச் செலவு.

இரண்டாவது, குறை கண்டுபிடிப்பது. “என்னக்கா, கன்னமெல்லாம் மங்கு விழுந்திருக்கே? முடி இவ்வளவு கொட்டுதே? இப்பவே பார்க்கலைன்னா பின்னாடி ஒண்ணும் பண்ண முடியாது.” வாசல் ஏறும்போது நன்றாக இருந்த முகம், கண்ணாடி முன் உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷத்தில் வியாதிக்கார முகமாக ஆகிவிடும். கருப்பு ஒரு வியாதி இல்லை, சகோதரிகளே. வெயிலில் உழைக்கிற உடம்புக்கு அது காவல். இந்தியாவில் பல காலமாக விற்ற ஒரு பெரிய கம்பெனி க்ரீம்கூட 2020-ல் தன் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்ற வார்த்தையை எடுத்துவிட்டது. உலகம் முழுக்க அந்த வார்த்தைக்கு எதிர்ப்பு வந்த வருஷம் அது.

மூன்றாவது, பாதியில் கேட்பது. முகத்தில் பூச்சு போட்டுக் கண்ணை மூடிப் படுக்க வைத்திருப்பார்கள். அப்போது காதுப் பக்கம் வந்து, “கழுத்துக்கும் போட்டுடலாமாக்கா? இதோட சீரம் போட்டாத்தான் நிக்கும்” என்பார்கள். விலை சொல்ல மாட்டார்கள். நாம் ‘ம்’ என்று முனகினாலும் அது சம்மதக் கணக்கில் போய்விடும். பில் வரும்போதுதான் தெரியும்.

நான்காவது, அவசரம். “இந்த ஆஃபர் இன்னைக்கு சாயங்காலம் வரைக்கும்தான்.” நாளைக்குப் போய்ப் பாருங்கள், அதே ஆஃபர் அங்கேயே உட்கார்ந்திருக்கும். மலைக்குப் போகிற கடைசி பஸ்ஸை நினைத்து நாம் பதறுவதும் அவர்களுக்குச் சாதகம். பதற்றத்தில் இருப்பவர் கணக்குப் பார்க்க மாட்டார்.

ஐந்தாவது, மானத்தைத் தொடுவது. “வீட்டுக்காரரைக் கேட்டுட்டு வர்றேன்” என்று நாம் சொன்னால், “ஏன்க்கா, சங்கத்துல இருக்கீங்க, 5,000 ரூபாய்க்குக்கூட உங்களால சொந்தமா முடிவெடுக்க முடியாதா?” என்று கேட்பார்கள். நாம் பல வருஷம் பாடுபட்டுச் சேர்த்த தைரியத்தையே எடுத்து நம்மீது வீசுகிற பேச்சு இது. சொந்தமாக முடிவெடுக்கத் தெரிந்தவளுக்குத்தான் ‘வேண்டாம்’ என்று முடிவெடுக்கவும் தெரியும்.

ஆறாவது, சுற்றி நிற்பது. ஒருவர் பேசுவார், இன்னொருவர் பில் புத்தகத்தோடு நிற்பார், மூன்றாமவர் “போனைக் குடுங்கக்கா, நானே ஜீபே போட்டுக்கறேன்” என்று கை நீட்டுவார்.

இணையக் கடைகள் செய்யும் இதே போன்ற தந்திரங்களை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் 13 வகையாகப் பிரித்துப் பட்டியல் போட்டுத் தடுத்திருக்கிறது. பொய்யான அவசரம் காட்டுவது, வேண்டாம் என்பவரை வெட்கப்பட வைப்பது, கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, விலையைக் கடைசியில் காட்டுவது எல்லாம் அதில் இருக்கின்றன. போனில் செய்தால் தப்பு என்பது, நாற்காலியில் உட்கார வைத்து நேரில் செய்தால் மட்டும் சரியாகிவிடுமா?

மசாஜ் படுக்கை

இன்னொரு வகையும் உண்டு. தினமும் அரைமணி நேரம் சூடான படுக்கையில் இலவசமாகப் படுக்க வைக்கும் நிலையங்கள். தமிழ்நாட்டில் பல ஊர்களில் இப்படி நடத்தியிருக்கிறார்கள். முதுகுவலியோடு போகிற நமக்கு அந்தச் சூடு இதமாகத்தான் இருக்கும். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் இதமாக இருப்பது வேறு, வியாதி தீர்வது வேறு. “சர்க்கரை குறையும், பக்கவாதம் சரியாகும், மாத்திரையை நிறுத்திடலாம்” என்று சொல்லிப் படுக்கையை விலைக்குத் தலையில் கட்டும்போதுதான் எழுந்து நிற்க வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம், பக்கவாதம், புற்றுநோய், உடல் பருமன் போன்றவற்றைக் குணமாக்குவதாக மருந்துக்கோ மந்திரப் பொருளுக்கோ விளம்பரம் செய்யக்கூடாது என்று 1954-லேயே சட்டம் வந்துவிட்டது. மாத்திரையை நிறுத்தச் சொல்ல மருத்துவருக்கு மட்டும்தான் உரிமை. விற்பனைக்காரர் பேச்சைக் கேட்டு மாத்திரையை விட்டால் போவது பணம் மட்டுமல்ல, உயிரும்தான்.

பெயரில்லாத டப்பா

பணத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

மகாராஷ்டிராவில் அகோலா என்ற ஊரில், அழகுக்கலை வேலை செய்யும் உள்ளூர்க்காரர் ஒருவரிடம் முகம் வெளுக்கும் க்ரீம் வாங்கிப் பூசிய ஒரு தாய்க்கும் அவர் மகள்களுக்கும் சிறுநீரகம் பாதித்தது. மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் அந்த க்ரீமைச் சோதித்தபோது பாதரசம் அளவுக்கு மேல் இருந்தது. இந்தச் செய்தி 2023-ல் வெளியே வந்தது. அதே சமயத்தில் நம் பக்கத்துக் கேரளத்தில், மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் சிறுநீரக மருத்துவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரு வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரில் 15 பேருக்கு அந்நோயின் அபூர்வமான ஒரு பிரிவு இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் முகம் வெளுக்கும் க்ரீம் பூசியவர்கள். கேரள அரசு 2023-ல் ‘ஆபரேஷன் சௌந்தர்யா’ என்ற பெயரில் கடைகளைச் சோதனை போட்டது.

பாதரசம் தோலில் கருமையை உண்டாக்கும் வேலையைத் தடுக்கும். அதனால் முகம் சீக்கிரம் வெளுத்த மாதிரி தெரியும். பூசுகிறவளுக்குச் சந்தோஷம், விற்றவருக்கு நல்ல பெயர். ஆனால் அது தோல் வழியாக உடம்புக்குள் இறங்கிச் சிறுநீரகத்தில் போய்த் தங்கும். முகமும் காலும் வீங்குவது, சிறுநீர் நுரை நுரையாகப் போவது இதன் அறிகுறிகள். நம் நாட்டு விதிப்படி முகத்தில் பூசும் க்ரீமில் பாதரசம் தெரியாமல் கலந்தாலும் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக்கூடாது.

இன்னொன்று ஸ்டீராய்டு கலந்த க்ரீம். பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் என்று ட்யூபில் போட்டிருக்கும். இவை தோல் நோய்க்கான மருந்துகள். மருத்துவர் சொல்கிற அளவுக்கு, சொல்கிற நாளுக்கு மட்டும் பூச வேண்டியவை. அழகுக்காக மாசக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து சிவக்கும், பரு வரும், முகத்தில் முடி வளரும். நிறுத்தினால் முன்னைவிட மோசமாகும். அதனால் பயந்து மறுபடியும் பூசுவோம். விட முடியாத பழக்கமாகிவிடும்.

ஆகவே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்வோம். தயாரிப்பாளர் பெயரும் முகவரியும், தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், எது வரை பயன்படுத்தலாம் என்ற தேதி, அதிகபட்ச சில்லறை விலை இவை அச்சடிக்காத டப்பா நம் முகத்துக்கு வரக்கூடாது. “நாங்களே கலந்தது, ஸ்பெஷல்” என்று வெறும் டப்பாவில் போட்டுக் கொடுத்தால் வாங்காதீர்கள். முகத்தில் மங்கு, அரிப்பு, முடி கொட்டுதல் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். கள்ளக்குறிச்சியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. முடி கொட்டுவதற்கு ரத்தசோகையோ தைராய்டோ காரணமாக இருந்தால் எந்த ஹேர் ஸ்பாவாலும் அது நிற்காது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

சங்கத்துப் பெண்களுக்குக் கணக்கு புதிதில்லை. ஒரு உதாரணம். ஒரு ஃபேஷியல் 500 ரூபாய். “பத்து தடவைக்கு 3,500 கட்டுங்க, 1,500 லாபம்” என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மலையிலிருந்து வருகிறவர் வருஷத்தில் எத்தனை முறை இறங்கி வருவார்? மூன்று முறை வந்தார் என்று வையுங்கள். தனித்தனியாகச் செய்திருந்தால் 1,500 ரூபாயோடு முடிந்திருக்கும். பேக்கேஜில் 3,500 போய்விட்டது. 2,000 ரூபாய் நஷ்டம். நடுவில் கடையை மூடினாலோ வேறு ஊருக்கு மாற்றினாலோ அதுவும் நம் தலையில்தான்.

அந்த 3,500-ஐ ஐந்து வட்டிக்கு வெளியில் வாங்கிக் கட்டினால் மாசம் 175 ரூபாய் வட்டி மட்டும். பத்து மாசத்தில் 1,750 ரூபாய் வட்டி கட்டியும் அசல் அப்படியே நிற்கும். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாயாகத் தொடங்கியபோது எத்தனை பேர் அதை மருந்துக்கும் பிள்ளை நோட்டுக்கும் என்று எண்ணி வைத்தோம்? ஒரு பேக்கேஜ் அந்தக் கணக்கில் மூன்றரை மாசத்துப் பணம்.

இன்னும் ஒரு விவரம். அழகுநிலையச் சேவைக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. “18 சதவீதம் வரி” என்று இப்போதும் யாராவது சேர்த்தால் கேளுங்கள். வரி போட்டால் பில்லில் 15 இலக்க ஜி.எஸ்.டி. எண் இருக்க வேண்டும். எண் இல்லாமல் வரி வாங்கக்கூடாது.

என்ன சொல்லலாம்? ஒத்திகை பார்ப்போம்

‘வேண்டாம்’ என்று முகத்துக்கு நேரே சொல்வது நமக்குப் பழக்கமில்லை. “பார்க்கலாம்”, “யோசிச்சுச் சொல்றேன்”, “பணம் கொண்டு வரலை” என்போம். இவை மரியாதையான வார்த்தைகள்தான். ஆனால் விற்பனைக்கு என்றே பயிற்சி எடுத்தவருக்கு ஒவ்வொன்றும் ஒரு கைப்பிடி. பணம் இல்லை என்றால் “ஈ.எம்.ஐ. இருக்கு” என்பார். நேரமில்லை என்றால் “பத்தே நிமிஷம்” என்பார். காரணம் சொன்னால் காரணத்துக்குப் பதில் வரும். காரணமே சொல்லாவிட்டால் பதில் சொல்ல இடமில்லை.

இரண்டு பேராக எழுந்து நின்று இதைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். ஒருவர் கடைக்காரர், ஒருவர் நம் உறுப்பினர்.

உட்காரும் முன்: “புருவம் மட்டும். எவ்வளவு? வேற எதுவும் வேண்டாம்.”

குறை சொல்லும்போது: “என் முகம் எனக்குப் பிடிச்சிருக்கும்மா. நீங்க புருவத்தைப் பாருங்க.”

பாதியில் கேட்கும்போது கண்ணைத் திறந்து: “விலை சொல்லாம எதையும் போடாதீங்க. சொன்னதுக்கு மட்டும்தான் பணம் தருவேன்.”

ஆஃபர் என்னும்போது: “இன்னைக்கு வேண்டாம்.” மறுபடி கேட்டால் அதையே மறுபடி சொல்லுங்கள். மூன்றாவது தடவையும் அதே வார்த்தைதான். புதுசாக ஒன்றும் சேர்க்க வேண்டாம்.

போனைக் கேட்டால்: “என் போனை நான்தான் பிடிப்பேன்.” பின் நம்பரையும் ஓ.டி.பி.யையும் எவருக்கும் சொல்லாதீர்கள். தொகையை நீங்களே அடித்து, ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்து அனுப்புங்கள்.

கோபம் வேண்டாம். அங்கே நிற்கிற பெண்ணும் நம் வீட்டுப் பெண் மாதிரிதான். மாசத்துக்கு இவ்வளவு விற்க வேண்டும் என்று அவள் தலையிலும் ஒருவர் இலக்கு வைத்திருப்பார். அவளைத் திட்டுவதால் நமக்கு ஒரு லாபமும் இல்லை. சிரித்த முகத்தோடு, தணிந்த குரலில், உறுதியாகச் சொல்லுங்கள். சொல்லிக்கொண்டே எழுந்து நில்லுங்கள். நிற்கிறவரிடம் விற்பது கஷ்டம். முடிந்தால் துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போங்கள். “கிளம்பலாம் வா” என்று சொல்ல ஒருவர் இருந்தால் போதும்.

மாட்டிக்கொண்டால்

கதவை மறித்து, “கட்டிட்டுப் போ” என்று நிறுத்தினால் அது வியாபாரம் இல்லை. ஒருவரை வழிமறிப்பதும் அடைத்து வைப்பதும் பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தின் 126, 127-ம் பிரிவுகளின்படி குற்றம். 112-க்குப் போன் செய்யுங்கள். பெண்கள் உதவிக்கு 181 இருக்கிறது. பல சமயம் நம்பரை அழுத்தப் போவதைப் பார்த்தாலே வழி விடுவார்கள்.

பணம் கட்டிவிட்டீர்களா? பதற வேண்டாம். ரசீது, கையெழுத்துப் போட்ட தாள், பணம் அனுப்பிய போன் செய்தி, கொடுத்த டப்பா எதையும் தூக்கிப் போடாதீர்கள். அன்றைக்கோ மறுநாளோ, ‘எனக்கு இந்தப் பேக்கேஜ் வேண்டாம், பயன்படுத்தாத சேவைக்கு உண்டான பணத்தைத் திருப்பித் தரவும்’ என்று எழுதிக் கொடுத்து ஒரு நகலில் கையெழுத்து வாங்குங்கள். எழுத வராவிட்டால் குழுக் கணக்காளர் எழுதித் தரட்டும்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பில் கொடுக்க மறுப்பதும், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும், குறையுள்ள சேவைக்கு வாங்கிய பணத்தை பில்லில் போட்ட கெடுவுக்குள், கெடு போடாவிட்டால் 30 நாளுக்குள் திருப்பித் தர மறுப்பதும் அதில் முறையற்ற வணிகம் என்று எழுதியிருக்கிறது. ‘ஒருமுறை கட்டிய பணம் திருப்பித் தரப்பட மாட்டாது’ என்று அச்சடித்துவிட்டால் சட்டம் செல்லாமல் போய்விடாது.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் சொல்லலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம் கட்டிய தொகை 5 லட்சம் வரை இருந்தால் வழக்குக் கட்டணமே இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. கடை எந்த ஊரில் இருந்தாலும், நாம் குடியிருக்கிற இடத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். இ-ஜாக்ரிதி இணையதளத்திலும் பதிவு செய்யலாம். சட்ட உதவி வேண்டுமானால் 15100. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு.

ஆதாரம் ஏன் வேண்டும் என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்கிறோம். டெல்லியில் பெரிய ஹோட்டல் ஒன்றின் சலூனில் 2018-ல் ஒரு பெண்ணுக்குச் சொன்னபடி இல்லாமல் முடியை வெட்டிவிட்டார்கள். தேசிய நுகர்வோர் ஆணையம் 2021-ல் 2 கோடி ரூபாய் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், சேவையில் குறைபாடு இருந்தது என்ற முடிவில் தலையிடவில்லை. ஆனால் இவ்வளவு பெரிய தொகைக்கு ஆதாரம் காட்டவில்லை என்று சொல்லி அந்தத் தொகையை ரத்து செய்து, மறுபடி விசாரிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பியது. இதில் நமக்கு இரண்டு பாடம். முடி வெட்டுவதில் செய்த குறையையும் கோர்ட்டு கேட்கும். ஆனால் கோர்ட்டு கேட்பது நம் கண்ணீரை இல்லை, காகிதத்தை.

ஈ.எம்.ஐ. என்று போனிலேயே ஒரு கடனைப் போட்டு விட்டார்களா? ரிசர்வ் வங்கி விதிப்படி டிஜிட்டல் கடனுக்கு, வேண்டாம் என்று விலகிக்கொள்ளும் காலம் குறைந்தது ஒரு நாளாவது உண்டு. அதற்குள் அசலையும் அந்த நாளுக்கான வட்டியையும் கட்டி அபராதம் இல்லாமல் வெளியே வரலாம். ஆகவே வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கே படித்த பிள்ளையிடம் காட்டுங்கள். வெட்கப்பட்டு ஒரு வாரம் மறைத்தால் அந்த வழி அடைபட்டுவிடும்.

நம் சங்கம் என்ன செய்யலாம்?

நம் பக்கத்து ஆண்கள் வேலைக்குப் போகிற சிங்கப்பூரில், நுகர்வோர் சங்கம் நற்சான்று கொடுத்த ஸ்பாக்களில் பேக்கேஜ் வாங்கினால் ஐந்து நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லிப் பணத்தைத் திரும்ப வாங்கலாம். ஹாங்காங்கில் மிரட்டி, நெருக்கி விற்பதை 2013 முதல் சட்டப்படி குற்றமாக்கியிருக்கிறார்கள். நம் நாட்டில் பார்லர் பேக்கேஜுக்கு அப்படி யோசிக்கும் நாள் என்று சட்டத்தில் தனியாக இல்லை. சட்டம் தராததை நம் சங்கம் தரலாம். எப்படி?

ஒன்று. எந்தப் பேக்கேஜ், எந்த மெஷின், எந்தச் சங்கிலி விற்பனைத் திட்டமாக இருந்தாலும், 2,000 ரூபாய்க்கு மேல் என்றால் அடுத்த குழுக் கூட்டம் வரை தள்ளிப்போடுவது. கூட்டத்தில் சொல்லிவிட்டு வாங்குவது. ஆளுக்கு அனுமதி கொடுக்கிற வேலை இல்லை இது. பணம் அவருடையது, முடிவும் அவருடையது. வாயால் ஒருமுறை எடுத்துச் சொல்லும்போது நமக்கே கணக்கு புரிந்துவிடும். கடையில் அவசரப்படுத்தினால், “எங்க சங்கத்துல அப்படி ஒரு தீர்மானம் இருக்கு” என்று சொல்லவும் வசதி.

இரண்டு. ஏமாந்து வந்தவரைக் கூட்டத்தில் வைத்துத் திட்டுவதில்லை என்று முடிவு செய்வது. இதுதான் ரொம்ப முக்கியம். “உனக்கு எதுக்கு இந்த வயசுல ஃபேஷியல்?” என்று ஒருவர் கேட்டு, நாலு பேர் சிரித்தால், அடுத்த முறை ஏமாந்தவர் வாயே திறக்க மாட்டார். வெளியில் வட்டிக்கு வாங்குவார். முதலில் சேமிப்பு நிற்கும், பிறகு தவணை நிற்கும், பிறகு அவரே கூட்டத்துக்கு வராமல் நின்றுவிடுவார். தவணை தவறினால் வங்கியில் பாதிப்பது மொத்தக் குழுவின் பெயர். 5,000 ரூபாயை மறைக்கப் போய் ஒரு உறுப்பினரையே இழப்போம். சொல்ல இடம் இருந்தால் பணம் திரும்பி வரவும் வழி இருக்கும்.

மூன்று. வீடு தேடி வந்து அழகுப் பொருள் விற்பவர்களைப் பற்றி. நேரடி விற்பனை விதிகள் 2021-ன்படி அடையாள அட்டை இல்லாமலும் முன்கூட்டிச் சொல்லாமலும் அவர்கள் வீட்டுக்கு வரக்கூடாது. ஆள் சேர்த்தால் காசு என்கிற பிரமிடு திட்டத்துக்கும் தடை உண்டு. சங்கக் கூட்டம் நடக்கும் இடத்தில் வியாபாரம் பேச யாருக்கும் இடம் கொடுக்க வேண்டாம், நம் உறுப்பினரே விற்றாலும் சரி.

நான்கு. நம்மிலேயே அழகுக்கலைப் பயிற்சி எடுத்து, கடன் வாங்கிப் பார்லர் வைத்திருக்கும் சகோதரிகள் இருக்கிறார்கள். இவ்வளவு நேரம் பேசியது உங்கள் பிழைப்புக்கு எதிராக இல்லை. ஊரே நம்பி வரும் கடையாக உங்கள் கடை இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை. விலைப் பட்டியலைத் தமிழில் எழுதி வாசலில் மாட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் விலை சொல்லி, சம்மதம் கேட்டுப் போடுங்கள். தலைச்சாயம் போடும் முன் டப்பாவில் சொல்லியிருக்கும்படி தோலில் கொஞ்சம் தடவிச் சோதித்து, அதில் சொன்ன நேரம் பொறுங்கள். கம்பெனிக்காரர் கமிஷன் காட்டிக் கொடுக்கும் பெயரில்லாத க்ரீமைக் கடைக்குள் விடாதீர்கள். வந்தவர் முகத்தைப் படம் எடுத்தால் கேட்டு எடுங்கள், கேட்காமல் போனில் போடாதீர்கள். நிறத்தைக் குறை சொல்லாதீர்கள். நம் ஊரில் ஒரு கல்யாணத்துக்குச் செய்தது சரியாக அமைந்தால் அடுத்த பத்துக் கல்யாணம் தானாக வரும். வற்புறுத்தி வாங்கிய பணம் ஒரே ஒரு முறைதான் வரும்.

சகோதரிகளே, ஊருக்குத் திரும்பியதும் உங்கள் குழுக் கூட்டத்தில் இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பேசுங்கள்:

1. வேண்டாம் என்று மனசில் நினைத்தும் வாங்கிய பொருள் யார் வீட்டில் இருக்கிறது? எந்த வார்த்தை உங்களை வாங்க வைத்தது?

2. நம் வீட்டில் இருக்கும் முகப் பூச்சு டப்பாவில் தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், தேதி இருக்கிறதா? அடுத்த கூட்டத்துக்கு டப்பாவைக் கொண்டு வந்து எல்லோரும் பார்க்கலாமா?

3. அடுத்த கூட்டம் வரை தள்ளிப்போடுவது என்ற தீர்மானத்துக்கு நம் குழுவில் எவ்வளவு தொகையை வரம்பாக வைக்கலாம்?

பேசி முடிவெடுத்ததைத் தீர்மான நோட்டில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். 1915, 181, 112, 15100 என்ற நான்கு எண்களையும் நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி வையுங்கள். மலையில் சில இடத்தில் போன் எடுக்காது என்பது எங்களுக்கும் தெரியும். அதனால் கீழே இறங்கும்போது கையில் இருக்கும்படி பஸ்ஸுக்கு எடுத்து வைக்கும் பையிலும் ஒரு சீட்டில் எழுதிப் போட்டுக்கொள்ளுங்கள்.

எல்லோரும் பத்திரமாக ஊர் போய்ச் சேருங்கள். அடுத்த கூட்டத்தில் உங்கள் தீர்மானங்களைக் கேட்கக் காத்திருக்கிறோம்.